செவலையின் மடிக்கு அரக்கு முத்திரை

என் அக்காவின் பாலில் ஏடு அதிகமாகக் கட்டுகிறது என்று வாடிக்கையாளர் ஒருவர் புகார் கொடுத்துவிட்டார். காய்ச்சி இறக்கினால் மேலே விரல் கனத்துக்குப் படிகிறதாம். இந்தக் காலத்தில் எந்தப் பாலாவது இப்படி இருக்குமா, இதில் என்னவோ கலந்திருக்கிறது என்று அந்தப் பெரிய மனிதர் பால் தூய்மை ஆய்வகத்துக்கே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். மறுநாள் காலையில் ஆய்வகத்து வண்டி அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றது. வந்த ஆய்வாளர் பால் கேனை ஏற்றினார், அக்காவை ஏற்றினார், பிறகு “சாட்சிக்கு ஒருத்தர் வரணுமே” என்று சுற்றிலும் பார்த்தார். பக்கத்துக் கடையில் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த நான், என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தேன். அதோடு என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

எனக்குத் தையல் வேலை. அக்காவுக்குப் பால் வியாபாரம். வியாபாரம் என்று பெரிதாகச் சொல்கிறேனே தவிர, இருப்பது ஒரே ஒரு மாடு. செவலை நிறம் என்பதால் அதன் பெயரும் செவலை. அதற்கு ஒரு கன்றுக்குட்டி. அத்தான் போன பிறகு அந்த மாடுதான் அக்கா வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. தண்ணீர் விஷயத்தில் அக்கா ஒரு கிறுக்கு. கேனைக் கழுவினால் வெயிலில் கவிழ்த்து, உள்ளே விரலை விட்டுத் தடவி, ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதில் பாலை ஊற்றுவாள். மழை பிடித்தால் தன் தலை நனைந்தாலும் கேனுக்குத்தான் குடை பிடிப்பாள். தெருவே அவளைக் கேலி செய்யும். நானும் செய்திருக்கிறேன்.

ஆய்வகம் பார்க்கப் பெரிய கட்டடம். வாசலில் “தூய்மையே எங்கள் தேடல்” என்று எழுதியிருந்தது. இன்னும் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று அக்காவின் காதில் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றச் சொல்லி, துணியில் செய்த வேறு செருப்பைக் கொடுத்தார்கள். தலைக்கு வலைத்தொப்பி மாட்டினார்கள். கேனுக்கும் ஒரு வலைத்தொப்பி போட்டார்கள். ஏன் என்று கேட்டதற்கு, உள்ளே எது போனாலும் தொப்பி போட வேண்டும் என்றார்கள்.

பரிசோதகர் சின்ன வயசுக்காரர், கண்ணாடி போட்டவர், பாவமான முகம். அவர் மேசையில் ஒரு கருவி இருந்தது. அதில் இரண்டு குழாய்கள். ஒன்றில் ஆய்வகத்தின் மாதிரிப் பால், இன்னொன்றில் வந்தவர்களுடைய பால். இரண்டும் ஒத்துப்போனால் பச்சை விளக்கு எரியும், ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. அக்காவின் பாலை ஊற்றிய உடனே, இதற்காகவே காத்திருந்தது போலச் சிவப்பு எரிந்தது.

“கலப்படம் உறுதி” என்றார் பரிசோதகர். “என்ன கலப்படம்னு கண்டுபிடிக்கிறதுதான் பாக்கி. கவலைப்படாதீங்கம்மா, சீக்கிரம் முடிஞ்சிடும். பொதுவா மூணாவது சோதனைக்குள்ள எல்லாரும் வீட்டுக்குப் போயிடுவாங்க.”

முதலில் ஒரு கண்ணாடிக் குச்சியைப் பாலில் மிதக்கவிட்டார். தண்ணீர் ஊற்றியிருந்தால் அது ஆழமாக முங்குமாம். முங்கவில்லை. விரலால் லேசாக அழுத்திப் பார்த்தார். கையை எடுத்ததும் மேலே வந்துவிட்டது. அடுத்து அயோடின் சொட்டினார். மாவு கலந்திருந்தால் நீலமாகும். ஆகவில்லை. “நீலம் வரணுமே” என்று குழாயைத் தட்டிப் பார்த்தார். சோப்புத்தூளுக்குக் குலுக்கினார், நுரை நிற்கவில்லை. சர்க்கரைக்குப் பார்த்தார், பிணத்தைக் கெடாமல் வைக்கிற மருந்துக்குப் பார்த்தார், எண்ணெய்க்குப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வர வேண்டும், ஒன்றும் வரவில்லை. பால் வெள்ளையாகவே இருந்தது. பரிசோதகரின் முகம்தான் வெளுத்தது.

“ஏதாவது ஒண்ணு போட்டிருந்தீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்மா” என்றார்.

“போட்டிருந்தா சொல்ல மாட்டேனா தம்பி” என்றாள் அக்கா. அவர் படுகிற பாட்டைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை.

எங்களைத் தலைமை ஆய்வறிஞரிடம் கூட்டிப் போனார்கள். அவர் மேசைமேல் ஒரு தூசு இல்லை. அந்த மேசையில் வேலை எதுவும் நடப்பதாகவும் தெரியவில்லை. குரல் மட்டும் நன்றாக இருந்தது. ஜவுளிக்கடை முதலாளி விலை சொல்வது போல நிதானமாகப் பேசினார்.

“இந்த ஆய்வகத்தால எல்லாக் கலப்படத்தையும் கண்டுபிடிக்க முடியும்” என்றார். “உங்க பால்ல கலப்படம் இருக்குன்னு விளக்கு சொல்லுது. எங்களால அதைக் கண்டுபிடிக்க முடியலை. அப்படின்னா என்ன அர்த்தம்? கண்டுபிடிக்க முடியாத ஒண்ணை நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க. ரொம்ப ஆபத்தான விஷயம்மா இது.”

“சார், ஒண்ணுமே கலக்கலைன்னா?” என்று கேட்டேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சுத்தமான பால்னு சொல்றீங்க. நான் இங்க சேர்ந்ததுல இருந்து அப்படி ஒண்ணை இந்த மேசையில பார்த்ததில்லை. பார்க்காததை இருக்குன்னு சொல்றதுக்குப் பேர் நம்பிக்கை. இது ஆய்வகம். நம்பிக்கையெல்லாம் வெளிய வச்சிட்டு வரணும்.”

“அப்ப நாங்க கிளம்பட்டுமா சார்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும்” என்றாள் அக்கா.

“எப்படிம்மா விட முடியும்? என்ன கலந்தீங்கன்னு தெரியாம விட்டா அந்த ரகசியம் உங்களோட வெளிய போயிடுமே.”

“எனக்கே தெரியாதே சார்.”

“அதுதான் ரகசியம்கிறது” என்றார் அவர். பரிசோதகர் தலையாட்டினார்.

அக்கா மாடு என்று வாயெடுத்ததுதான் வினையாகப் போயிற்று. பால் எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தையும் சோதிக்க வேண்டும் என்று தலைமை ஆய்வறிஞருக்கு அப்போதுதான் தோன்றியது. வண்டி மறுபடியும் போனது. செவலை வந்து இறங்கியது. அதற்குக் காலில் நாலு துணிச்செருப்பும் கொம்புக்கு வலைத்தொப்பியும் மாட்டினார்கள். பிறந்ததிலிருந்து தெருவையும் கொட்டிலையும் தவிர வேறு எதையும் பார்க்காத மாடு, வழுக்குகிற தரையில் நின்று மிரண்டு, அங்கேயே மூத்திரம் பெய்துவிட்டது. பரிசோதகர் வேலையில் கண்ணும் கருத்துமானவர். அதையும் ஒரு குழாயில் பிடித்துக்கொண்டு ஓடினார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து “யூரியா கிடைச்சிடுச்சு சார்” என்று சத்தம் கேட்டது. பத்தாம் வகுப்பில் பாஸான பையன் குரல் போல இருந்தது. நாலைந்து அறைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து அவர் கையைக் குலுக்கினார்கள்.

“சார், அது மூத்திரம் சார். மூத்திரத்துல யூரியா இல்லாம பாயசமா இருக்கும்?” என்றேன்.

தலைமை ஆய்வறிஞர் கோபிக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பின்பக்கம் போய் நின்று வெகுநேரம் யோசித்தார்.

“கலப்படப் பொருள் உற்பத்தியாகிற இடமும், பால் உற்பத்தியாகிற இடமும் ஒரே வளாகத்துல இருக்கு” என்றார். “நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கு?”

பரிசோதகர் அளந்து, “ஒரு சாண்தான் சார்” என்றார்.

“தடுப்புச் சுவர்?”

“இல்லை சார்.”

“பார்த்தீங்களாம்மா? இந்த மாடு இவ்வளவு நாளா அனுமதியே இல்லாம நடந்துட்டிருக்கு.”

மடிக்கு முத்திரை வைக்க வேண்டும் என்று முடிவானது. வெள்ளைத் துணிப்பையை மடியில் மாட்டி, நாடாவால் இறுக்கி, முடிச்சின் மேல் அரக்கை உருக்கி ஊற்றி அடையாளம் குத்த வேண்டும். தீர்ப்பு வரும்வரை யாரும் கறக்கக் கூடாது. மடி அளவுக்கு ஆய்வகத்தில் பை கிடையாது. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். சாட்சிக்கு வந்தவன் தையல்காரன் என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எத்தனையோ பேருக்கு அளவெடுத்த கை இது. அன்று செவலையின் வயிற்றுக்குக் கீழே குனிந்து, அளவுநாடாவைச் சுற்றிப் பிடித்தேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தைக்காவிட்டால் ரப்பர் பட்டை போட்டுக் கட்டிவிடுவோம் என்று சொன்ன பிறகுதான் தைக்க உட்கார்ந்தேன். மடி பெருக்குமே என்று ஒரு பிடி தளர்த்தியே தைத்தேன். கடைசியில் நாடாவை இறுக்கியவர்கள் அந்தத் தளர்ச்சியையும் சேர்த்தே இறுக்கிவிட்டார்கள்.

சாயங்காலம் ஆயிற்று. செவலையைக் கறக்கிற நேரம் வந்தது, போயிற்று. நாங்கள் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். செவலை எதிரே கருவிகள் வைக்கிற அறையில் கட்டிக்கிடந்தது. முதலில் காலை மாற்றி மாற்றி வைத்தது. பிறகு கத்த ஆரம்பித்தது. பசிக்குக் கத்துகிற குரல் இல்லை அது.

“மடி கட்டிக்கிச்சுடா” என்றாள் அக்கா. “பாலு உள்ளயே நின்னு கெட்டுப்போச்சுன்னா காம்பு செத்துடும். அப்புறம் அது வெறும் மாடுதான். நான் என்னடா பண்ணுவேன்?”

எழுந்து வாசல்வரை போய்ப் பார்த்தேன். காவலாளி நல்ல மனிதர்தான். “என்ன கலப்படம்னு எழுதின சீட்டு இருந்தா விட்டுடுவேன் தம்பி. என்ன எழுதியிருந்தாலும் பரவாயில்லை, எழுதியிருக்கணும்” என்றார்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று தலைமை ஆய்வறிஞர் அறைக்குள் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“தண்ணி ஊத்தினேன் சார்” என்றாள். “எழுதிக்கோங்க. நான்தான் ஊத்தினேன். தினமும் ஊத்துவேன். மாட்டை அவுத்து விட்டுடுங்க.”

கேனுக்குக் குடை பிடிக்கிறவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது. தலைமை ஆய்வறிஞர் பரிசோதகரைப் பார்த்தார். பரிசோதகர் கண்ணாடிக் குச்சியை மறுபடி மிதக்கவிட்டுப் பார்த்துவிட்டு வந்து, “தண்ணி இல்லை சார். அம்மா பொய் சொல்றாங்க” என்றார்.

“ஏம்மா இப்படிப் பண்றீங்க?” என்றார் தலைமை ஆய்வறிஞர். நிஜமாகவே வருத்தப்பட்டார். “உண்மையைச் சொல்லிட்டு வெளிய போங்கன்னா, பொய் சொல்லி இன்னும் உள்ள மாட்டிக்கிறீங்க. ஊத்தாத தண்ணியை ஊத்தினேன்னு சொல்றது ஆய்வகத்தை ஏமாத்துற வேலை. இதுக்குத் தனி விசாரணை இருக்கு. அது நாளைக்குத்தான்.”

பெஞ்சுக்கே திரும்பி வந்தோம். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு எதையாவது எடுத்து உடைக்க வேண்டும்போல இருந்தது. அங்கே உடைக்க எவ்வளவோ இருந்தது, எல்லாம் கண்ணாடிச் சாமான். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது ஆய்வகத்து டீக்காரர் கெட்டிலோடு வந்தார். அக்காவைப் பார்த்ததும் ஒரு டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்தார்.

“அழாதீங்கம்மா. சிவப்பு விளக்கா? இங்க வர்ற எல்லாருக்கும் சிவப்புதான். என் பாலோட ஒத்துப்போனாத்தானே பச்சை எரியும்.”

“உங்க பாலா?” என்றேன்.

“கருவியில ஒரு குழாய்ல மாதிரிப் பால் வச்சிருக்காங்கல்ல? அது நம்மளோடதுதான். முன்னாடி எங்கேயோ தூரத்துல இருந்து ஐஸ் பெட்டியில வரும். ஒரு நாள் வரலை. அவசரத்துக்கு என் டீப்பால்ல ஒரு குழாய் எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் அதுவே பழகிடுச்சு.”

“சுத்தமான பாலா அண்ணே?” என்று கேட்டாள் அக்கா.

“டீ விக்கிறவனுக்குச் சுத்தமான பால் எங்கம்மா கட்டுப்படியாகும்? ஒரு பாத்திரத்துக்கு ஒரு செம்புத் தண்ணி” என்றார். ஒளிவு மறைவே இல்லை. “ஆனா ஒண்ணும்மா, அளவு மாறமாட்டேன். முன்னெல்லாம் மனசு போல ஊத்துவேன். இப்ப பொறுப்பு வந்துடுச்சுல்ல. நான் ஒரு வாய் கூடுதலா ஊத்தினா வெளிய இருக்கிற பால் அத்தனையும் கெட்டுப்போச்சுன்னு ஆயிடும். காய்ச்சல் வந்தாக்கூட நான் லீவு போடுறதில்லை.”

அக்கா டீயை அப்படியே கீழே வைத்தாள். நான் ஓட்டமாக ஓடினேன். கண்டுபிடித்துவிட்டோம், இனி இவர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று நினைத்துக்கொண்டே தலைமை ஆய்வறிஞரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தெரியுமே” என்றார்.

“தெரிஞ்சுமா சார் அதை மாதிரியா வச்சிருக்கீங்க?” என்றேன்.

“மாதிரின்னா சுத்தமா இருக்கணும்னு யார் சொன்னது? மாறாம இருக்கணும். இந்தக் கட்டடத்துல கருவி மாறியிருக்கு, ரசாயனம் மாறியிருக்கு, எனக்கு முன்னாடி நாலு பேர் மாறியிருக்காங்க. மாறாம இருக்கிறது அந்த டீக்காரர் ஊத்துற செம்புத் தண்ணி ஒண்ணுதான். அவர் ஓய்வு பெற்றா என்ன பண்றதுன்னு குழு போட்டு யோசிச்சிட்டிருக்கோம்.” பிறகு, என் பின்னாலேயே வந்து நின்ற அக்கா பக்கம் திரும்பினார். “இவ்வளவு அறிவோட பேசுறீங்க, நான் ஒரு வழி சொல்றேன். உங்க பாலை எங்க மாதிரிக்குச் சமமா கொண்டு வந்துடுங்க. அந்த செம்பு, அதே அளவு. பச்சை எரிஞ்சா சான்றிதழ் கொடுத்து இப்பவே அனுப்பிடுறேன்.”

“அது தண்ணி கலக்குறதுதானே சார்?” என்றாள் அக்கா.

“வெளிய நீங்களா செஞ்சா கலப்படம். நாங்க சொல்லிச் செஞ்சா தரப்படுத்துதல்.”

“செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லிட்டேனே சார். அது போதாதா? செய்யவும் செய்யணுமா?”

எதிர் அறையில் செவலை கத்தியது. குரல் கம்மிப்போயிருந்தது.

கேனில் மிச்சமிருந்த பாலைப் பாத்திரத்தில் ஊற்றினார்கள். டீக்காரர் செம்பை இரண்டு கையாலும் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா அதை வாங்கினாள், தண்ணீர் மொண்டாள், பாத்திரத்துக்கு மேலே கொண்டுபோனாள். அதற்கு மேல் கை போகவில்லை. தண்ணீர் தளும்பி அவள் முழங்கையில் வழிந்தது. “என்னால முடியலைடா” என்று என்னிடம் நீட்டினாள். நான் வாங்கி ஊற்றினேன்.

பச்சை எரிந்தது.

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பச்சை விளக்கு வேலை செய்யும் என்பதே அவருக்கு அன்றுதான் தெரியுமாம். மாடியிலிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி வந்து பார்த்தார்கள். தலைமை ஆய்வறிஞர் கண் கலங்கி, ஆய்வகம் தொடங்கிய நாள் முதல் வெளியிலிருந்து வந்த பால் ஒன்று தூய்மை என்று தேறுவது இதுவே முதல் தடவை என்று ஒரு சின்னச் சொற்பொழிவே செய்தார். எல்லாரும் கை தட்டினார்கள். டீக்காரர்தான் அதிகமாகத் தட்டினார்.

“சார், மாடு” என்றாள் அக்கா.

அரக்கை உடைத்தார்கள். பையைக் கழற்றியபோது மடி கல் போல இருந்தது. முத்திரைக்குள் இருந்த பாலைப் பாத்திரத்தில் பிடிக்க அனுமதி இல்லை என்றார்கள். அக்கா தரையில் மண்டியிட்டு, நெற்றியைச் செவலையின் வயிற்றில் வைத்துக்கொண்டு, சாக்கடைத் துளையைப் பார்த்துக் கறந்தாள். மூன்று காம்பில் பால் வந்தது. நாலாவதில் திரித்திரியாக வந்து நின்றுவிட்டது. அவள் அதை உருவிவிட்டாள், வெந்நீர் கேட்டு ஒத்தடம் கொடுத்தாள், “வா தாயி, வா தாயி” என்று கெஞ்சினாள். வரவேயில்லை. அந்தக் காம்பு இன்றுவரை பால் கொடுப்பதில்லை.

கிளம்பும்போது தலைமை ஆய்வறிஞர் வாசல்வரை வந்தார். “வாராவாரம் ஆள் வரும்மா. இதே தரம் இருக்கணும். கொஞ்சம் மாறினாலும் நான் கையெழுத்துப் போட்டது பொய்யாயிடும். அப்புறம் மாட்டை இங்கேயே வச்சுக்க வேண்டியதாயிடும்” என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, அக்கறையோடுதான் சொன்னார்.

அதிலிருந்து தினமும் காலையில் கடையைத் திறப்பதற்கு முன்னால் நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் கறந்து பாத்திரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, செவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் ஒரு செம்பு ஊற்றுவேன். வாரத்துக்கு ஒரு முறை ஆய்வகத்து ஆள் வந்து எடுத்துப் போகிறார், பச்சை எரிகிறது. வாடிக்கை கூடியிருக்கிறது. இப்போதுதான் பால் பயமில்லாமல் குடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்கள்.

போன வாரம் ஆள் வருகிற நாளில் நான் கொஞ்சம் சீக்கிரமாகவே போய்விட்டேன். கொட்டில் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். அக்கா கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு என்னை உள்ளே இழுத்துக்கொண்டாள். செவலையின் கன்றுக்குட்டி மடியில் வாய் வைத்து, வாலை ஆட்டி ஆட்டிக் குடித்துக்கொண்டிருந்தது.

“அது நேரா குடிக்குதுடா, ஒண்ணும் கலக்காம” என்றாள் அக்கா மெல்லிய குரலில். “வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத.”

நான் சிரிக்கப் போனேன். அவள் கண் கதவிடுக்கிலேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, மறுபடியும் போய்க் கதவைத் தாழிட்டேன்.